பழைய காரை மீட்கப் புறப்படுகிறவர் எங்கே தொடங்குவது?

ஊருக்கு ஒரு பட்டறையிலாவது அந்தக் கார் நிற்கும். தார்ப்பாய் போர்த்திய அம்பாசடர், அல்லது பத்மினி. எஞ்சின் ஒரு மூலையில், கதவுகள் சுவரோரம், நட்டும் போல்ட்டும் பெயர் எழுதாத பெயின்ட் டப்பாக்களில். வாங்கியவர் ஆசையோடு வாங்கினார். விடுமுறை நாட்களில் உட்கார்ந்து முழுவதையும் பிரித்தார். பிறகு வருவது குறைந்து, ஒருநாள் நின்றே போனது. பட்டறைக்காரருக்கு இடம் அடைபட்டதுதான் மிச்சம்.

இப்படி நின்றுபோவதற்குப் பணத் தட்டுப்பாடு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வரிசை தெரியாமல் கைவைப்பது. துருப்பிடித்த கார் ஒன்று நாற்பது நிமிடக் காணொளியில் பளபளவென்று வெளியே வருவதைப் பார்த்தவர்கள், கடைசி ஆணி வரை பிரித்து மறுபடி பூட்டுவதுதான் மீட்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அதைச் செய்கிறவர்கள் பல ஆண்டு கைப்பழக்கம் உள்ளவர்கள். புதிதாகக் கற்பவருக்கு ஏற்ற வழி அதற்கு நேர்மாறானது. ஓடுகிற வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் பிரித்துச் சரிசெய்து பூட்டி, ஓட்டிப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். வண்டியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து பெயின்ட் அடிப்பது வரை ஒவ்வொரு கட்டமும் இந்த வழியையே காட்டுகிறது.

எந்த வண்டியில் கற்பது?

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியை அடிப்படையாகக் கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957இல் கொண்டுவந்த அம்பாசடர், மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதம் வரை தயாரானது. பல பத்தாண்டுகள் அதைச் சுமந்தது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்த இதே எஞ்சின்தான் எம்ஜிஏ என்ற புகழ்பெற்ற விளையாட்டுக் காரிலும் இருந்தது. கற்பவருக்கு இது பெரிய வசதி. எம்ஜி பிரியர்கள் உலகெங்கும் எழுதிக் குவித்திருக்கும் எஞ்சின் நுணுக்கங்களில் பெரும்பகுதி அம்பாசடருக்கும் பொருந்தும். பானட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றிக் கை நுழைய தாராளமாக இடம் இருக்கும். முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். எதையும் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பம்பாயில் தயாரித்த ஃபியட் 1100தான் 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது. 1089 சிசி எஞ்சின், அலுமினிய சிலிண்டர் ஹெட், ஸ்டியரிங் தண்டிலேயே கியர் கம்பி. பல பத்தாண்டுகள் மும்பை டாக்சியாக உழைத்த இந்த வண்டி 2023 அக்டோபர் இறுதியில் அந்தப் பணியிலிருந்து ஓய்வு பெற்றது. அம்பாசடரைவிட இலகுவான வண்டி, தகரமும் மெல்லியது. ஆகவே துருவை இன்னும் கூர்ந்து பார்த்து வாங்க வேண்டும்.

சென்னைக்காரர்கள் உரிமை கொண்டாட வேண்டிய வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூருக்கு அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 1961 முதல் 1971 வரை தயாரானது. இத்தாலியின் ஜியோவானி மிக்கலாட்டி வரைந்த உடல். அக்காலத்துப் பல கார்கள் உடலையும் சட்டத்தையும் ஒன்றாகக் கொண்டிருக்க, ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் உண்டு. உடல் பகுதிகள் அதன்மேல் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். கற்பதற்கு இதைவிட வசதியான அமைப்பு அரிது. ஆனால் பத்தே ஆண்டுகள் தயாரான வண்டி என்பதால் சாமான் கிடைப்பது அம்பாசடர் அளவுக்கு எளிதல்ல.

நான்காவதாக ஒரு வண்டியைச் சேர்க்கலாம். 1983 டிசம்பரில் முதன்முதலாக உரிமையாளரின் கைக்கு வந்த மாருதி 800, இப்போது பழைய கார் பிரியர்களின் கண்ணில் பட ஆரம்பித்திருக்கிறது. மூன்று சிலிண்டர், 796 சிசி, எளிய கார்பரேட்டர். எந்த ஊரிலும் சாமான் உண்டு. தொடக்ககால மாருதி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், கற்பவருக்குச் செலவு குறைந்த பள்ளிக்கூடம் அதுதான்.

சாமான் விஷயத்தில் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. இந்தியக் கார்களின் உறுப்புகள் பல இங்கேதான் பிறந்தன. சென்னையின் பாடி பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் மின்கருவிகளையும் பிரேக்ஸ் இந்தியா பிரேக் உறுப்புகளையும் செய்தன. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் பிஸ்டன்களை வார்த்தது. கோவையில் பைமெட்டல் பேரிங்ஸ் எஞ்சின் பேரிங்குகளைத் தயாரித்தது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளிலும், புதுப்பேட்டையிலும், கோவை உக்கடத்துப் பழைய சாமான் சந்தையிலும் தேடுகிறவருக்கு இன்னும் கிடைக்கும். பழைய உறுப்பைக் கையோடு கொண்டுபோய், கடைக்காரர் முன் வைத்துப் பொருத்திப் பார்த்து வாங்குவதே அங்கு செல்லுபடியாகும் முறை.

நான்கில் எதை எடுத்தாலும் ஒரு விதி பொதுவானது. எஞ்சினில் கோளாறு இருந்தும் ஓடுகிற, தகரம் நன்றாக இருக்கும் வண்டியை வாங்கலாம். எஞ்சின் நன்றாக ஓடி, தகரம் அரித்துப்போன வண்டியை வாங்கக் கூடாது. எஞ்சினை லேத் பட்டறையில் கொடுத்துச் சீராக்கிவிடலாம். அரித்த உடலைச் சீராக்குவது பல மாத டிங்கரிங் வேலை. செலவும் அங்கேதான் கையை மீறும்.

காகிதம் முதலில்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி. புக்கைப் படிக்க வேண்டும். அதிலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். எப்போதோ கடனில் வாங்கிய வண்டியாக இருந்து, கடன் அடைந்தும் ஹைப்பாதிகேஷன் நீக்கப்படாமல் இருக்கலாம். கடன் கொடுத்த நிறுவனமே இப்போது இல்லாமலும் போயிருக்கலாம். பதிவான உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். இவற்றையெல்லாம் விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ளாவிட்டால், அழகாக மீட்ட காரை வாசலிலேயே நிறுத்திவைக்க நேரும்.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் ஒன்றிய அரசு தனி விதிகளை வகுத்தது. அவற்றின்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு நிறைந்த, வணிகத்துக்குப் பயன்படாத கார்களையும் இருசக்கர வண்டிகளையும் 'விண்டேஜ்' எனப் பதிவு செய்யலாம். எண் பலகையில் மாநில எழுத்துகளை அடுத்து 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். இரண்டு நிபந்தனைகளைக் கற்பவர் நினைவில் வைக்க வேண்டும். வண்டி அதன் மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. மேலும், அந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் போடுதல் போன்ற காரணங்களுக்காக மட்டுமே சாலைக்கு வரலாம். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு ஓட்டிப்போக விரும்புகிறவர், வழக்கமான பதிவையே தகுதிச் சான்று (எஃப்.சி.) காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துவருவது நல்லது.

கருவியும் கையேடும்

பழைய கார் வேலையில் முதல் சேதம் பெரும்பாலும் தவறான ஸ்பேனரால் வருகிறது. பத்மினி இத்தாலிய வழி வந்தது. அதன் நட்டுகள் மில்லிமீட்டர் அளவு. அம்பாசடரும் ஹெரால்டும் பிரிட்டிஷ் வழி. அவற்றுக்கு அங்குல அளவு. அரை அங்குல நட்டின் அகலம் 12.7 மி.மீ. பெட்டியில் இருக்கும் 13 மி.மீ. ஸ்பேனர் அதில் உட்காருவதுபோல் தெரியும். துருவேறி இறுகிய நட்டில் அதைப் போட்டு அழுத்தினால் முனைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். பிறகு உளியும் வெல்டிங்கும் தேவைப்படும். ஆகவே அம்பாசடர் வாங்கியவர் 7/16, 1/2, 9/16 அங்குல ரிங் ஸ்பேனர்களையும் சாக்கெட்டுகளையும் முதலில் வாங்க வேண்டும். இறுகிய நட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைப்பது எல்லா வண்டிக்கும் பொது.

உயிரைக் காக்கும் கருவி ஜாக்கி ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, சட்டத்தின் கெட்டியான இடத்தில் ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பிறகே கீழே நுழைய வேண்டும். பட்டறைகளில் செங்கல் அடுக்கி வேலை செய்வதைப் பார்த்துப் பழகியவர்கள் அதைக் கைவிட வேண்டும். செங்கல் முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

கையேடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜான் ஹேன்ஸின் கதை நல்ல சான்று. பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த அவர் 1965இல் ஏடனில் பணியாற்றினார். அங்கே நண்பர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரை மீட்க உதவியபோது, உற்பத்தியாளர் தந்த கையேடு சாதாரண உரிமையாளருக்கு எழுதப்படவில்லை என்பதைக் கண்டார். கேமரா ஒன்றை வாங்கி, எஞ்சினைப் பிரிப்பதையும் பூட்டுவதையும் படிப்படியாகப் படமெடுத்தார். அந்தப் படங்களிலிருந்து 1966இல் வெளிவந்த முதல் புத்தகத்தின் 3,000 படிகள் மூன்று மாதத்துக்குள் தீர்ந்தன. வண்டியை முழுதாகப் பிரித்துப் பூட்டி, அதைப் படமாக்கி எழுதுவது என்ற ஹேன்ஸ் கையேடுகளின் முறை அங்கே பிறந்தது.

இன்று எல்லார் சட்டைப் பையிலும் கேமரா இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பையும் கழற்றும் முன் இரண்டு கோணத்தில் படம், கழற்றிய திருகுகளுக்குத் தனித்தனி உறை, உறைமேல் பேனாவால் இடமும் தேதியும். வண்டிக்கென ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். கோடு போட்ட நாற்பது பக்க நோட்டே போதும்.

பிரேக் முதலில், எஞ்சின் பிறகு

பழைய காரைக் கையில் எடுத்தவர்கள் எல்லாரும் முதலில் எஞ்சினை ஓடவைக்கவே துடிப்பார்கள். நிற்கத் தெரியாத வண்டியை ஓடவைப்பதில் பொருளில்லை. எனவே வரிசை பிரேக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

பழைய அம்பாசடருக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஒரே மாஸ்டர் சிலிண்டர் நான்குக்கும் எண்ணெய் அனுப்பும். எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரப் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். மிச்சம் கைப்பிரேக் மட்டும். நீண்ட நாள் நின்ற வண்டியில் ரப்பர் ஹோஸ்கள், வீல் சிலிண்டர் வாஷர்கள், மாஸ்டர் சிலிண்டர் கிட் ஆகியவற்றைப் பார்க்காமலேயே மாற்றிவிட வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. பழைய எண்ணெய் குழாயை உள்ளிருந்தே அரித்திருக்கும். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர்கள் எல்லாம் ஊதிப்போகும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. முகக்கவசம் அணிந்து, நனைத்த துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

அடுத்தது ஸ்டியரிங், சஸ்பென்ஷன், டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். '2315' என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. பள்ளம் புதிதுபோல் இருந்தாலும் வயதான டயர் வேகத்தில் பிரிந்துவிடும். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முன்சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் டிரன்னியன் என்ற வெண்கல மூட்டுக்குக் கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் அடிக்கும் வழக்கத்தால் மூட்டு வறண்டு இறுகி, ஒருநாள் திருப்பத்தில் செங்குத்துத் தண்டு முறிந்து சக்கரமே மடங்கிவிடும். அரை மணி நேர வேலையைக் கையேட்டைப் பார்த்துச் செய்தால் இதைத் தவிர்த்துவிடலாம்.

இப்போது எஞ்சினுக்கு வரலாம். ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினைச் சாவி திருப்பி ஓட்ட முயல்வது பெரிய தவறு. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு கைப்பிடியைப் போட்டு மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளில் முன்பக்கம் கைப்பிடி போடும் துளை இருப்பது இதற்குத்தான் பெரிய உதவி. தடையின்றிச் சுற்றினால் எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றலாம். டாங்கில் புளித்துப்போன பெட்ரோலை வடித்துக் கழுவி, தனி கேனிலிருந்து புதுப் பெட்ரோல் கொடுத்து ஸ்டார்ட் செய்யலாம்.

அதற்கு முன் கம்ப்ரெஷன் பார்த்துவிடுவது நல்லது. பிளக் துளையில் மீட்டரைத் திருகி, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தி, செல்ஃப் அடித்தால் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் தெரியும். நான்கும் நெருங்கிய அளவில் இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்தச் சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அழுத்தம் ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். எஞ்சினைத் திறக்காமலேயே அதன் உள்நிலையைச் சொல்லிவிடும் சோதனை இது. இதைக் கற்றுக்கொண்டவர், 'போரிங் பண்ணணும், மொத்தமா இறக்கணும்' என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேட்கத் தெரிந்தவர் ஆகிறார்.

மற்றவை ட்யூனிங் வேலைகள். பாயின்ட் இடைவெளி, பிளக் இடைவெளி, டைமிங், டேப்பட் ஆகிய நான்கையும் ஃபீலர் கேஜ் வைத்துத் தானே செய்யப் பழக வேண்டும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயின்ட் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு. பி சீரிஸ் எஞ்சினின் டேப்பட் 15 பங்கு. நான்கு சிலிண்டரும் எரியும் வரிசை 1-3-4-2. பிளக் வயர்களை ஒருமுறை மாற்றிச் செருகி எஞ்சின் இருமுவதைக் கேட்டவருக்கு அந்த வரிசை மறக்காது.

இன்றைய பெட்ரோலும் அன்றைய எஞ்சினும்

இந்தப் பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஈயம் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே மெல்லிய காப்புப் படலமாக நின்றது. நாடெங்கும் ஈயப் பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. அம்பாசடரின் ஹெட் வார்ப்பிரும்பு. வால்வு இருக்கை அந்த இரும்பிலேயே குடையப்பட்டது. காப்புப் படலம் இல்லாமல் அதிவேகத்தில் நெடுநேரம் ஓடினால் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும். டேப்பட் இடைவெளி அடிக்கடி குறையும். ஹெட்டை எப்போது கழற்றினாலும் அப்போதே லேத் பட்டறையில் கெட்டியான சீட் வளையங்கள் போட்டுவிடுவது நிரந்தரத் தீர்வு. பத்மினியின் அலுமினிய ஹெட்டில் ஆரம்பத்திலிருந்தே தனி வளையங்கள் உண்டு. அங்கே இந்தத் தொல்லை குறைவு.

புதிய சவால் எத்தனால். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் 2023இல் பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கி, 2025இல் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரத்தையும் இளக்கும். மாதக்கணக்கில் நின்ற டாங்கின் அடியில் நீரும் துருவும் சேர வழி செய்யும். எஞ்சின் சூட்டில் ஹோஸ் விரிசலிட்டுப் பெட்ரோல் கசிந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து நேரடியானது. எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், அதற்கேற்ற டயஃப்ரம், கார்பரேட்டருக்கு முன் ஒரு ஃபில்டர் ஆகியவற்றைப் பழைய கார் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் உடனே போட்டாக வேண்டும். நெடுநாள் நிறுத்தப் போகிறார் என்றால் டாங்கை வடித்துவிட வேண்டும். வண்டியில் ஒரு தீயணைப்பானும் இருக்க வேண்டும்.

துரு, தகரம், பெயின்ட்

கடற்காற்று அடிக்கும் ஊர்களில் துரு எங்கே ஒளிந்திருக்கும் என்பதை அனுபவமுள்ள டிங்கர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தரைவிரிப்புக்கு அடியில், கதவின் கீழ் விளிம்பில், படிக்கட்டுப் பெட்டிப் பகுதியில், டிக்கியில் ஸ்டெப்னி உட்காரும் குழியில், ஜாக்கி போடும் இடங்களில். காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி உடல் முழுதும் தடவிப் பார்த்தால், அது ஒட்டாத இடங்களில் பட்டி தடிமனாக இருக்கிறது என்று பொருள்.

மேலே தெரியும் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்கும் வேலையைக் கற்பவரே செய்யலாம். அரித்து ஓட்டையானதை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வெல்டு செய்ய வேண்டும். பட்டியால் மூடினால் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளிக்கும். அம்பாசடரும் பத்மினியும் தனிச் சட்டம் இல்லாதவை. தரையும் படிக்கட்டுப் பகுதியும்தான் வண்டியைத் தாங்குகின்றன. அவற்றை வெட்டும்போது உள்ளே தாங்கு கொடுக்காவிட்டால் உடல் தொய்ந்து கதவுகள் பொருந்தாமல் போகும். இந்த இடத்தில் கற்பவர் தேர்ந்த டிங்கருக்குப் பக்கத்தில் நின்று உதவியாளராக வேலை செய்வதே சரி.

பெயின்டும் அப்படித்தான். இன்று பட்டறைகளில் அடிக்கும் இருகலவை பாலியூரிதேன் பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது. சாதாரணத் துணிக்கவசம் அதைத் தடுக்காது. தேய்த்துச் சமப்படுத்தும் வேலையைக் கற்பவர் எடுத்துக்கொண்டு, கடைசி அடியைத் தகுந்த காப்புள்ள பெயின்டரிடம் விடலாம். எல்லா இயந்திர வேலையும் முடிந்து வண்டி சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். முதலில் பெயின்ட் அடித்தவர்கள், எஞ்சினை இறக்கும்போது மட்கார்டில் கீறல் விழுந்து வருந்துவதைப் பட்டறைகளில் பார்க்கலாம்.

எவ்வளவு அசல்?

பழைய கார் உலகில் ஓயாத விவாதம் இது. பழைய வாகனச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, குறைந்தது 30 ஆண்டு நிறைந்து, வரலாற்று நோக்கில் சரியாகப் பேணப்படும் வண்டியை வரலாற்று வாகனம் என்கிறது. அது ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், பழைய கட்டடங்களையும் கலைப்பொருட்களையும் காப்பதற்கான கொள்கைகளை வாகனங்களுக்கும் கொண்டுவந்தது. இருப்பதைக் காப்பது முதல் கடமை. புதுப்பிப்பது தவிர்க்க முடியாதபோது மட்டும். செய்த மாற்றத்தைப் பின்னால் வருகிறவர் அடையாளம் காண முடிய வேண்டும். அமெரிக்காவில் 1950 முதல் நடக்கும் பெபிள் பீச் கார் அழகுப் போட்டியிலும் மீட்கப்படாத அசல் கார்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

இந்தக் கண்ணோட்டம் கற்பவரின் சுமையைக் குறைக்கிறது. ஐம்பது ஆண்டு பழைய சீட்டுத் துணி கிழியாமல் இருந்தால் அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. சுத்தம் செய்தால் போதும். மறுபுறம், பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சினை ஏற்றுவதும், ஹெரால்டின் உடலை வெட்டி மாற்றுவதும் வண்டியின் வரலாற்றை அழிக்கின்றன. விண்டேஜ் பதிவுக்கும் தடையாகின்றன. பாதுகாப்புக்காகச் செய்பவை வேறு வகை. சீட் பெல்ட் பொருத்தலாம், ஒயரிங்கில் கூடுதல் ஃபியூஸ் சேர்க்கலாம், நல்ல விளக்கு போடலாம். அசல் உறுப்பைப் பெட்டியில் போட்டுப் பத்திரப்படுத்தினால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப மாட்டிவிடலாம்.

அசல் சாமான் கிடைக்காத இடத்தில் புதிதாகச் செய்வதும் நடக்கிறது. பிரிட்டனில் எம்ஜிபி காரின் முழு உடலையே 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டு மறுபடி தயாரித்தார்கள். இலங்கையில் மாரிஸ் மைனருக்கான தகர உறுப்புகளைக் கைவினைஞர்கள் செய்து பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்தார்கள். அம்பாசடருக்கும் பத்மினிக்கும் இத்தகைய ஏற்பாடு ஒன்று தேவை. தகரத்தைத் தட்டி எந்த வளைவையும் கொண்டுவரும் கைகள் நம் ஊர்களில் இருக்கின்றன.

யாரிடம் கற்பது?

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள மெக்பெர்சன் கல்லூரி, கார் மீட்புக்கென்றே நான்காண்டுப் பட்டப்படிப்பு நடத்துகிறது. நம் ஊரில் ஐ.டி.ஐ. மோட்டார் மெக்கானிக் படிப்பு நல்ல அடித்தளம் தரும். ஆனால் 2000இல் வந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு புதிய கார்களிலிருந்து கார்பரேட்டர் மறைந்து, கணினி கட்டுப்படுத்தும் எரிபொருள் முறை வந்துவிட்டது. அதற்குப் பிறகு தொழிலுக்கு வந்தவர்களுக்குக் கார்பரேட்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்யும் பழக்கம் ஏற்பட வாய்ப்பே அமையவில்லை. அந்தத் திறமை அறுபது வயது கடந்த மெக்கானிக்குகளிடமும் டிங்கர்களிடமும் இருக்கிறது. அவர்களில் பலர் பட்டறையை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்.

சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளில் பழைய கார்க்காரர்களைச் சந்திக்கலாம். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தினர் 2015இல் திறந்த ஜிடி கார் அருங்காட்சியகத்தில், சரியாக மீட்கப்பட்ட கார் எப்படி இருக்கும் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். கற்பவருக்கு இவையெல்லாம் உதவும். முதல் ஓராண்டுக்கான பாடம் மட்டும் தன் வண்டிதான். பிரேக்கும் டயரும் முதல் சில மாதம். ட்யூனிங்கும் எரிபொருள் குழாய்களும் அடுத்து. ஒயரிங் அதற்குப் பின். தகரமும் பெயின்டும் இரண்டாம் ஆண்டில். இடையில் எந்த வாரமும் வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும்.

கற்க விரும்புகிறவர்களுக்கும், பழைய பட்டறைகள் நடத்தியவர்களின் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். பட்டறை மூடும்போது அங்குள்ள சர்வீஸ் கையேடுகளையும், சாமான் பட்டியல் புத்தகங்களையும், மெக்கானிக் தன் கையால் அளவுகள் குறித்துவைத்த நோட்டுகளையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்கேன் செய்து, ஒரு பிரதியைப் பழைய கார் சங்கத்துக்கோ அருகிலுள்ள ஐ.டி.ஐ.க்கோ கொடுங்கள். கற்க வருகிறவர்கள் அந்த மூத்த மெக்கானிக்குகளை இப்போதே தேடிப்போய், கூடநின்று, கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் மறந்துபோகும் முன்பும் மறைந்துபோகும் முன்பும் எழுதியாக வேண்டியது நிறைய இருக்கிறது.